பாட்டி எத்தனையாவது ஆள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் தமிழ்ச் சங்க உறவுகளே, வணக்கம்.

"குடியிருப்புச் சங்க விதியை எழுத்து மாறாமல் பிடிப்பதே நல்ல அக்கம்பக்கமா, நோக்கம் அறிந்து பொருள்கொள்வதே நல்ல அக்கம்பக்கமா?" இதுதான் தலைப்பு. நான் நோக்கத்தின் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி ஒரு வீட்டைக் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு படுக்கையறை டவுன்ஹவுஸ். ஹெச்.ஓ.ஏ., அதாவது இங்கே அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் குடியிருப்புச் சங்கம், அதன் பத்திரத்தில் படுக்கையறைக்கு இரண்டு பேர் என்று இருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆக நான்கு பேர். மூன்றாவது பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா வருகிறார், ஐந்து. குழந்தை பிறக்கிறது, ஆறு. "நாலு என்று எழுதியிருக்கும் வீட்டில் ஆறு பேர் இருந்தால் நோட்டீஸ் வராமல் என்ன வரும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

அறைக்கு இரண்டு பேர் என்பதற்கு எல்லோரும் ஆதாரமாகக் காட்டுவது ஒரு குறிப்பாணையை. 1991 மார்ச்சில் அமெரிக்க வீட்டுவசதித் துறையின் தலைமைச் சட்ட அதிகாரி ஃபிராங்க் கீட்டிங் எழுதியது. 1998இல் அந்தத் துறை அதையே தன் கொள்கையாக வெளியிட்டது. படுக்கையறைக்கு இரண்டு பேர் என்பது பொதுவாக நியாயமான வரம்பு என்று அதில் இருப்பது உண்மை. எதிரணி அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தாளை மடித்துவிட்டது. அடுத்த பக்கத்தையும் படிப்போம். அறை எவ்வளவு பெரியது, பிள்ளைகளுக்கு என்ன வயது, வீட்டின் அமைப்பு எப்படி, கழிவுநீர்க் குழாய் எவ்வளவு தாங்கும், இத்தனையும் பார்க்க வேண்டும் என்று அதே கீட்டிங் எழுதியிருக்கிறார். உதாரணமும் தருகிறார். ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குக் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வருகிறார்கள். இன்னொரு ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குப் பதின்வயதுப் பிள்ளையோடு வேறொரு தம்பதி வருகிறார்கள். இரண்டிலும் மூன்று பேர்தான். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது என்கிறார். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே என்று சொல்ல எழுதிய குறிப்பை, எண்ணை மட்டும் பார்ப்பதற்குச் சாட்சியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், நடுவர் அவர்களே!

இன்னொன்று. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தானது. 1988இல் அதைத் திருத்தி, 18 வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்புத் தந்தார்கள். ஆள் எண்ணிக்கை வரம்புக்கு அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. யாருக்கு? நகராட்சி, மாநிலம், மத்திய அரசு, இவை வைக்கும் நியாயமான வரம்புக்கு. சங்கம் தானாக எழுதிக்கொண்ட வரம்புக்கு அந்த விலக்கு கிடையாது. சங்கத்தின் எண் நியாயமானதா என்று கேட்கும் உரிமை அந்த வீட்டுக்காரருக்கு எப்போதும் இருக்கிறது.

சரி, வரம்பு எதற்கு வந்தது? தீப்பிடித்தால் எல்லோரும் வெளியே வர முடிய வேண்டும். மூச்சுவிட இடம் வேண்டும். சாக்கடை அடைக்கக் கூடாது. கட்டடப் பராமரிப்புக்காகப் பல நகரங்கள் பின்பற்றும் மாதிரி விதித்தொகுப்பைப் பாருங்கள். ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 70 சதுர அடி, ஒருவருக்கு மேல் என்றால் ஆளுக்கு 50 சதுர அடி என்கிறது. பன்னிரண்டுக்குப் பதினான்கு அறை 168 சதுர அடி. அந்தக் கணக்கில் மூன்று பேர் தாராளமாகத் தூங்கலாம். சகோதரி காட்டிய வீட்டின் அறைகள் அந்த அளவு என்றால், கைக்குழந்தையைச் சேர்த்து எண்ணினால்கூட ஆறு பேருக்கு இடம் இருக்கிறது.

அப்படியானால் நோட்டீஸ் ஏன் வந்தது? எங்கோ ஒரு புகார் போயிருக்கும். விருந்தினர் பார்க்கிங்கில் நாள்கணக்கில் கார் நிற்கிறது, குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிறது, ராத்திரி பதினொரு மணிக்குப் பேச்சுச் சத்தம் கேட்கிறது, இப்படி ஏதோ ஒன்று. அது உண்மையான தொல்லை என்றால் அதற்கு விதி இருக்கிறதே! பார்க்கிங் விதி இருக்கிறது, குப்பை விதி இருக்கிறது, சத்தத்துக்கும் விதி இருக்கிறது. அவற்றைக் கறாராக நடத்துங்கள், நானே கைதூக்குகிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தூக்கம் வேண்டும். ஆனால் காரைப் பற்றிய புகாருக்கு மாமியாரை எண்ணுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. தலையைத்தான் எண்ணுவோம் என்று சங்கம் பிடிவாதம் பிடித்தால், சத்தமே இல்லாமல் வாழும் ஆறு பேருக்கு அபராதம் விழும். விடிய விடிய ஸ்பீக்கரை அலறவிடும் இரண்டு பேர் விதிக்கு உட்பட்டவர்களாக நிமிர்ந்து நடப்பார்கள். இதுவா நல்ல அக்கம்பக்கம்?

இங்கே ஒரு பாட்டியின் வழக்கைச் சொல்லியாக வேண்டும். ஒஹையோ மாநிலம், கிளீவ்லாந்தை ஒட்டிய ஈஸ்ட் கிளீவ்லாந்து. ஐனெஸ் மூர் என்ற கறுப்பினப் பாட்டி, தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் சொந்த வீட்டில் இருந்தார். பேரன்கள் இருவரும் அண்ணன் தம்பி அல்ல, இரண்டு பிள்ளைகளின் மகன்கள். ஒருவன் ஜான். ஒரு வயது நிரம்பும் முன்னே தாயை இழந்து பாட்டியிடம் வந்தவன். அந்த நகரத்தின் விதி ஒரு வீட்டில் யார் யார் சேர்ந்து வாழலாம் என்று வரையறுத்திருந்தது. அந்த வரையறைக்குள் ஜான் அடங்கவில்லை. 1973இல் நோட்டீஸ் வந்தது. சட்டத்துக்குப் புறம்பாகக் குடியிருப்பவர் என்று அதில் குறிக்கப்பட்டது அந்தச் சிறுவன்தான். பாட்டி பேரனை அனுப்ப மறுத்தார். ஐந்து நாள் சிறை, 25 டாலர் அபராதம் என்று தண்டனை விதித்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1977இல் வென்றார். தாத்தா பாட்டி, மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரே கூரையின் கீழ் வாழ்வது இந்த நாட்டிலும் மதிப்புக்குரிய பழைய வழக்கம்தான் என்று நீதிபதி பவல் எழுதினார்.

எதிரணி உடனே சொல்லும்: "அது நகராட்சிச் சட்டம், ஹெச்.ஓ.ஏ. தனியார் ஒப்பந்தம்." ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தீர்ப்பு சங்கத்தை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஈஸ்ட் கிளீவ்லாந்து செய்த பிழை என்ன? நெரிசலும் போக்குவரத்தும் பள்ளிச் சுமையும் குறைய வேண்டும் என்று காரணம் சொல்லிவிட்டு, அவை எதையும் பெரிதாகக் குறைக்காத ஒரு விதியால் ஒரு பேரனை வெளியேற்றப் பார்த்தது. அதே பிழையை நம் சங்கத்தின் போர்டு, அதாவது நிர்வாகக் குழு, செய்தால் அது பிழை இல்லை என்று ஆகிவிடுமா?

"கையெழுத்துப் போட்டுத்தானே வீடு வாங்கினாய்?" என்று எதிரணி இளைஞர் கேட்டார். 1994ஆம் ஆண்டுக் கலிஃபோர்னியத் தீர்ப்பையும் எடுத்துவைத்தார். மூன்று பூனை வளர்த்த நார்ஸ்டெட் என்ற பெண்மணி, லேக்சைடு வில்லேஜ் சங்கத்தின் செல்லப்பிராணித் தடைக்கு எதிராகப் போய்த் தோற்ற வழக்கு. பதிவான விதி நியாயமானது என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்று நீதிமன்றம் சொன்னது மெய். ஆனால் அதே தீர்ப்பு மூன்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. விதி அடிப்படைப் பொதுக்கொள்கைக்கு மாறாக இருந்தால், குடியிருப்பின் பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் தொடர்பே இல்லாமல் இருந்தால், நன்மையைவிடச் சுமை மிக மிக அதிகமாக இருந்தால், அது செல்லாது. இந்த மூன்றையும் விதியின் நோக்கத்தைப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வீர்கள்?

கையெழுத்துப் போட்ட எழுத்தெல்லாம் புனிதம் என்றால் இன்னொரு எழுத்தையும் நினைக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரில் 1911இல் பதிவான ஒரு தெரு ஒப்பந்தம், கறுப்பினத்தவரும் 'மங்கோலிய இனத்தவர்' என்று அன்று எழுதப்பட்ட ஆசியரும் ஐம்பது ஆண்டுகளுக்கு அங்கே குடியிருக்கக் கூடாது என்றது. 1948இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஷெல்லி வழக்கில்தான், இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றம் நடத்திக் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அந்த மாதிரி வரிகள் பழைய வீடுகளின் பத்திரங்களில் செத்த எழுத்தாக இன்னும் கிடக்கின்றன. வீட்டில் யார் இருக்கலாம் என்று சொல்லும் எந்த வரியையும் நம்மைப் போல வந்து குடியேறியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வணங்க முடியாது.

"நோக்கம் பார்க்கிறோம் என்று ஆரம்பித்தால் போர்டு தலைவர் தனக்கு வேண்டியவரை விட்டுவிட்டு வேண்டாதவரைப் பிடிப்பார்." எதிரணி சொன்னதில் எனக்குக் கனமாகப்பட்டது இது ஒன்றுதான். ஆனால் வேண்டாதவரைப் பிடிப்பதற்கு இன்று பயன்படுவதே இந்த எண்தான். யாரும் எல்லா வீட்டிலும் தலை எண்ணுவதில்லை, புகார் வந்த வீட்டில்தான் எண்ணுகிறார்கள். அதனால் கேள்விகளை எழுதிவைத்து எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கேளுங்கள். வந்திருப்பவர் விருந்தினரா, குடியிருப்பவரா? எந்தத் தேதி வரை இருப்பார்? பார்வையாளர் விசாவில் வரும் பெற்றோர் பொதுவாக ஆறு மாதத்துக்குள் திரும்பவேண்டியவர்கள். அறையின் அளவு என்ன? யாருக்கு என்ன தொல்லை நடந்தது, என்றைக்கு? பதிலைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பாரபட்சம் அங்கே ஒளிய முடியாது.

நம் மக்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நோட்டீஸ் வந்ததும் நாம் முதலில் செய்வது என்ன? அம்மாவின் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றப் பார்க்கிறோம். பேரக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வந்தவர், தன்னால் மகளுக்குக் கெட்டபெயர் என்று குன்றிப்போய் ஊர் திரும்புகிறார். அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் எடுத்துப் படிப்பதில்லை. விசாரணை கேட்பதில்லை. கலிஃபோர்னியாவில் அபராதம் போடும் முன் குறைந்தது பத்து நாள் அவகாசத்தோடு அறிவிப்புக் கொடுத்து, உறுப்பினர் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். மற்ற மாநிலத்தவர் உங்கள் மாநிலச் சட்டத்தையும் பத்திரத்தையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். அம்மா வருவதைப் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லுங்கள், காரை உங்கள் கராஜில் விடுங்கள். அதற்குப் பிறகும் நோட்டீஸ் வந்தால் எழுத்து மூலம் விசாரணை கேளுங்கள், போர்டு கூட்டத்துக்கு நேரில் போங்கள். கூட அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.