பொட்டை எலிங்க கட்டிப் புரளுதா? முதல்ல தேதியைப் பாருங்க

வணக்கம் மக்களே. உய்யுனு ஒரு சத்தம் கேக்கும், அது கச்சான் காத்து. ராமேஸ்வரம் கிட்ட இருக்குற எங்க மண்டபம் ஊருப் பக்கம் வீசுச்சுன்னா இப்படித்தான், மைக்குல துணி சுத்தியும் அடங்க மாட்டேங்குது. பொறுத்துக்கங்க.

இன்னைக்கு வளர்ப்பு எலி. குட்டி எடுக்குறதுக்காக ரெண்டு மூணு பொட்டையை ஒரே கூண்டுல விட்டிருப்பீங்க. நேத்து வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் தூங்குனதுங்க, இன்னைக்கு கடிச்சு முடியைப் பிடுங்குதுங்க. குணம் கெட்டுப்போச்சு, வித்துடலாம்னு முடிவு பண்ணாதீங்க. முக்காவாசி நேரம் தப்பு எலி மேல இல்ல, நாள் எண்ணாம விட்ட நம்ம மேலதான்.

முதல்ல எது சண்டை, எது சண்டை இல்லன்னு பாத்துருவோம். கேமராவை இங்கிட்டு திருப்புறேன். இந்த டப்புல ரெண்டு இருக்கு. கறுப்புத்தலை பழசு, வெள்ளை புதுசு. கறுப்புத்தலை வெள்ளையோட பிடரியில மூக்கை வச்சு அழுத்துது, வெள்ளை மல்லாந்து கீச்சுங்குது. இது வெளையாட்டு, இல்லன்னா யாரு பெரியவன்னு ஒரு கணக்கு. விட்டுருங்க. பயப்பட வேண்டியது எப்பன்னா, முதுகு முடி எல்லாம் சிலிர்த்து எலி பந்து மாதிரி ஊதிப் பெருசா தெரியும். உடம்பைக் குறுக்க வச்சு மத்ததை மூலைக்குத் தள்ளும், வாலு பாம்பு மாதிரி நெளியும். அந்த நேரம் சத்தமே இருக்காது பாருங்க, அதுதான் ஆபத்து. அடுத்த கடி முதுகுலயோ விலாவுலயோ விழுந்துரும். அப்ப கையை விடாதீங்க, எலிப்பல்லு நகத்தையே துளைச்சுரும். நடுவுல ஒரு அட்டையைச் சொருகி பிரிங்க, இல்லன்னா தடித்த துண்டைப் போட்டு அள்ளுங்க.

இன்னொண்ணு. நாலஞ்சு நாளைக்கு ஒரு ராத்திரி கூண்டே ரகளையா இருக்கும். ஒண்ணு தத்தித் தத்தி ஓடும், காது படபடன்னு ஆடும், தொட்டா முதுகை வளைக்கும், மத்ததுங்க அது மேல ஏறும். அது பருவத்துக்கு வந்துருக்கு, அவ்வளவுதான். விடிஞ்சா அடங்கிரும்.

இப்ப தேதிக் கணக்கு. எலிக்கு சினை 21 நாள்ல இருந்து 23 நாள். ஆணை 1-ம் தேதி விட்டு 10-ம் தேதி எடுத்தீங்கன்னா, முதல் பிரசவம் 22-ம் தேதியே வரலாம், கடைசி அடுத்த மாசம் 2, 3 வரை இழுக்கும். 10 நாள் வச்சா ரெண்டு பருவம் உள்ள வந்துரும், அதுக்கு மேல ஆண் தேவையில்ல. குட்டி போடுற வரைக்கும் ஆணை உள்ளயே விட்டா என்ன ஆகும்? குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள்ள தாய் திரும்பப் பருவத்துக்கு வரும், மடியில பால், வயித்துல அடுத்த சினைன்னு ஆயிரும். அந்தத் தாய் தேறாது.

இந்தக் கணக்குப்படி சினையான பொட்டையை 16-ம் தேதிக்கே தனிக்கூண்டுக்கு மாத்திருங்க. வயிறு ரெண்டு பக்கமும் தள்ளிட்டா தேதி பாக்காமலே மாத்துங்க. ஏன்னா கடைசி வாரத்துலயே சிடுசிடுப்பு ஏறிரும். குட்டி போட்ட முதல் பத்து நாள் உச்சம், கூடவே வளந்த அக்கா தங்கச்சியைக் கூட கிட்ட விடாது. குட்டி பெருசாக ஆக தானா குறையும்.

கடி மட்டும் பிரச்சினை இல்ல. கூட இருக்குற பொட்டை குட்டியைத் திருடும். பாசமாத்தான் தூக்கும், ஆனா அதுக்குப் பால் இருக்காது. இழுபறியில குட்டி காயப்படும், இல்லன்னா குளிர்ந்து போயிரும். பொறந்து ரெண்டு மூணு நாளைக்கு குட்டியோட வயித்துல தோலுக்கு உள்ள வெள்ளைப் பட்டை தெரியும், அது பால். பட்டை தெரியலன்னா பட்டினி கிடக்குன்னு அர்த்தம். ரெண்டு பொட்டையும் ஒரே நேரத்துல குட்டி போட்டு, இடைவெளி ரெண்டு மூணு நாள்தான்னா சில சமயம் சேந்தே வளத்துரும். ஒரு வாரம் வித்தியாசம்னா சேத்து வைக்கவே கூடாது, பெரிய குட்டிங்க முழுப் பாலையும் உறிஞ்சிரும், சின்னதுங்க செத்துரும்.

பிரசவக் கூண்டுக்கு நான் சொல்றது மண்பானை. படுக்க வச்சு, வாய் எலி நுழையுற அளவு இருந்தா போதும். நம்ம வெயிலுக்கு அடிப்பக்கம் குளுமையா இருக்கும், தாய்க்கு இருட்டு கிடைக்கும். உள்ள கிழிச்ச பேப்பர் நெறைய போடுங்க. கடற்கரை ஊரு, கையில கிடைக்குதுன்னு வலை நூலும் நூல் பிரியுற பழைய துணியும் போட்டுறாதீங்க. குட்டி காலுல சுத்தி ரத்தம் ஓடாம காலே அழுகிரும். ஆனா கூட்டமா இருக்குற கூண்டுல ஒத்தை வாய்ப்பானை வேண்டாம். பலமானது வாசல்ல உக்காந்துச்சுன்னா உள்ள இருக்குறது தப்பிக்க வழியில்லாம கடிபடும். அங்க ரெண்டு பக்கம் திறந்த குழாய்தான் சரி. சாப்பாட்டுத் தட்டும், முனையில இருக்குற குண்டை நக்குனா தண்ணி வர்ற நிப்பிள் பாட்டிலும் ரெண்டு ரெண்டு, எதிரெதிர் மூலையில. பாட்டில்ல குடிதண்ணி ஊத்துங்க, போர் தண்ணி உப்பு படிஞ்சு நிப்பிள் குண்டு அடைச்சுக்கும். தண்ணி கிடைக்காத கூண்டுல சண்டை வராம என்ன செய்யும்?

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு வலைக்கூண்டு இந்த உப்புக்காத்துக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும், முனையில பாதம் கிழியும். பிளாஸ்டிக் பூசுன வலை பாருங்க. சித்திரை வைகாசியில கூட்டத்தைக் குறைங்க. எலிக்கு வேர்க்காது, வாலு வழியாத்தான் சூட்டைக் கழிக்கும், அதுவும் பத்தலன்னா எச்சிலை உடம்புல பூசிக்கும். முடி ஈரமா நீட்டிப் படுத்துக் கிடந்தா சூடு தாங்கலன்னு அர்த்தம். உறைஞ்ச தண்ணி பாட்டிலைத் துணியில சுத்தி ஒரு ஓரமா வைங்க, டைல்ஸ் துண்டு ஒண்ணு போடுங்க.

தாயைத் திரும்ப கூட்டத்துல விடுறது, குட்டிங்க 21 நாள்ல பால் மறந்து, இன்னும் ஒரு வாரம் போன பிறகு. ஆண் குட்டிங்களை அஞ்சாவது வாரத்துக்குள்ள பிரிச்சுருங்க, இல்லன்னா தாயோடயும் தங்கச்சியோடயும் இணை சேந்துரும்.

திரும்ப விடுறதும் புதுசு விடுற மாதிரிதான். ரெண்டு கூண்டையும் ஒரு சாண் தள்ளி வைங்க, ஒட்டி வச்சா வலை வழியா விரலைக் கடிக்கும். மூணு நாலு நாளு படுக்கையை மாத்தி மாத்திப் போட்டா வாசம் பழகிரும். அப்புறம் இந்த மாதிரி கழுவுன காலி டப்பு, யாரோட இடமும் இல்லாதது. ஒளியிற பொருள் எதுவும் வைக்காதீங்க. சாயங்காலம் 15 நிமிஷம். டப்போட பக்கச் சுவருல ரெண்டு மூணு இடத்துல கேப்பைக் கூழைத் தடவிருங்க, துண்டா கொடுத்தா பிடுங்கிச் சண்டை வரும். மறுநாள் அரை மணி, அப்புறம் ஒரு மணி. முடி சிலிர்த்துச்சுன்னா முந்தின அளவுக்குப் போயிருங்க. ரத்தம் வந்தா ஒரு வாரம் நிறுத்துங்க. சின்னக் காயம்னா கால் லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணியில அரை டீஸ்பூன் உப்புக்குக் கொஞ்சம் கம்மியா போட்டுக் கழுவுங்க, வீங்குச்சுன்னா மருத்துவர்கிட்ட போங்க.

சேந்த பிறகு கூண்டை மொத்தமா கழுவாதீங்க, பழைய படுக்கையில கைப்பிடி மிச்சம் வைங்க. வாசமே இல்லாத கூண்டுல யாரு இடம்னு திரும்ப ஆரம்பிக்கும்.

இங்க பாருங்க, வெள்ளை கூழை நக்க ஆரம்பிச்சுருச்சு. கறுப்புத்தலை அங்கிட்டு முதுகைக் காட்டி முகம் கழுவுது. பயம் இருக்குற எலி முதுகைக் காட்டாது. இன்னும் நாலு நிமிஷம் பாக்கி, அது முடிஞ்சதும் ரெண்டையும் பிரிச்சுருவேன்.