வயதுக்கு ஒரு முகம் காட்டும் யூனிகார்ன்

(திரையில்: இரவு. கறுப்புத் துணி போர்த்திய ஒன்பது கூண்டு வண்டிகள். குரல் மட்டும்.)

ஊர் ஊராகப் போய் முகாம் போடும் ஒரு விலங்குக் காட்சி. நடத்துபவள் மம்மி ஃபார்ச்சூனா என்கிற கிழட்டுச் சூனியக்காரி. காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போனால் ஒரு கூண்டில் மனித முகமும் சிங்க உடலுமாக ஒரு மாண்டிகோர், இன்னொன்றில் டிராகன், மற்றொன்றில் உலகையே வளைத்துக் கிடக்கும் நாகம். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் முதலாவது கிழட்டுச் சிங்கம், இரண்டாவது முதலை, மூன்றாவது வெறும் மலைப்பாம்பு. எல்லாம் கண்கட்டு வித்தை.

ஆனால் அந்த வரிசையில் பொய்யே கலக்காத அதிசயங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஹார்பி, பெண் முகமும் கழுகின் உடலும் கொண்ட பயங்கரம். மற்றொன்று நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள யூனிகார்ன். இந்த யூனிகார்ன் விஷயத்தில்தான் கிழவிக்கு ஒரு சங்கடம். வேடிக்கை பார்க்க வரும் ஜனங்களின் கண்ணுக்கு அந்தக் கொம்பு தெரிவதில்லை. ஏதோ வெள்ளைக் குதிரை என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். அதனால் அவள் அசல் கொம்பின் மேலேயே மந்திரத்தால் ஒரு போலிக் கொம்பை மாட்டிவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் பார்ப்பவர்கள் கண்கலங்குகிறார்கள்.

பீட்டர் எஸ். பீகிள் எழுதிய ‘தி லாஸ்ட் யூனிகார்ன்’ நாவலில் வரும் காட்சி இது. நாவல் வெளியான ஆண்டு 1968. எழுதியவர் 1939-இல் நியூயார்க்கில் பிறந்தவர், அதாவது புத்தகம் வந்தபோது முப்பதைக்கூடத் தொடாத ஆள். இன்றுவரை அச்சில் இருக்கிறது, இன்றுவரை புது வாசகர்கள் கிடைக்கிறார்கள். ஏன் என்பதுதான் இந்த வீடியோ.

(திரையில்: வசந்தம் நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒரு காடு.)

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காட்டில் தன்னந்தனியாக வாழும் ஒரு பெண் யூனிகார்ன். அவளுக்குச் சாவு கிடையாது. அவள் இருக்கும்வரை அந்தக் காட்டில் இலை உதிர்வதும் கிடையாது. ஒருநாள் அந்த வழியாக வரும் இரண்டு வேட்டைக்காரர்கள், உலகத்தில் மிச்சமிருக்கும் கடைசி யூனிகார்ன் இதுவாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொள்வது அவள் காதில் விழுகிறது. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தேடிக் கிளம்புகிறாள். வழியில் ஷ்மெண்ட்ரிக் என்ற மந்திரவாதி சேர்ந்துகொள்கிறான். வேண்டும்போது மந்திரம் பலிக்காது, வேண்டாதபோது பிய்த்துக்கொண்டு வரும், அந்த ரகம். பிறகு மாலி குரூ என்ற பெண் சேர்கிறாள். கடலோரக் கோட்டையில் ஹாகர்ட் என்ற அரசன். அவன் ஏவலுக்கு நெருப்பாய்ச் சிவந்த ஒரு காளை. உலகத்து யூனிகார்ன்களையெல்லாம் விரட்டிக்கொண்டுபோய்க் கடலுக்குள் தள்ளி அடைத்து வைத்திருப்பது அந்தக் காளைதான். நம் யூனிகார்னையும் அது துரத்தும்போது வேறு வழி தெரியாமல் ஷ்மெண்ட்ரிக் அவளை ஒரு மனிதப் பெண்ணாக மாற்றிவிடுகிறான். சாவில்லாதவள் சாகக்கூடிய உடம்புக்குள் வந்து சேர்கிறாள். ஹாகர்ட்டின் வளர்ப்பு மகன் லீர் அவளைக் காதலிக்கிறான்.

இதற்கு மேல் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. முடிவைப் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் போகிறேன். தெரிந்துகொண்டு படித்தாலும் கெட்டுப்போகாத புத்தகம் இது.

என் கருத்து இதுதான்: இந்த நாவல் நிலைத்திருப்பது யூனிகார்னால் அல்ல, மாலி குரூவால்.

(திரையில்: காட்டுக்குள் ஒரு திருடர் முகாம். அடுப்பில் சூப்.)

மாலி ஒரு திருடர் கூட்டத்தோடு காட்டில் வாழ்பவள். அந்தக் கூட்டத்தின் தலைவன் கேப்டன் கல்லிக்குத் தன்னை ஒரு ராபின் ஹுட் என்று நினைப்பு. தன் வீரத்தைப் பற்றித் தானே நாட்டுப்பாடல்கள் எழுதி வைத்திருக்கிறான், யாராவது வந்து தொகுத்துக்கொண்டு போகமாட்டார்களா என்று காத்திருக்கிறான். இவர்களுக்குத் தண்ணியாய்ச் சூப் வைத்துப் போட்டே மாலியின் வயது கழிந்துவிட்டது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். எலும்பு தெரியும் முகம், காய்ந்த புல்லின் நிறத்தில் முடி.

அவள் யூனிகார்னை முதல்முதலாகப் பார்க்கும் இடம் இருக்கிறதே, அங்கேதான் புத்தகம் தன் உயரத்தைத் தொடுகிறது. வேறு எந்த எழுத்தாளராக இருந்தாலும் அவளை மண்டியிட வைத்திருப்பார். பீகிள் அவளைச் சண்டை போட வைக்கிறார். இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தாய், பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தாய், நான் இப்படி ஆகிவிட்ட பிறகு என் முன்னால் வந்து நிற்க உனக்கு எவ்வளவு துணிச்சல் என்று கத்துகிறாள், அழுகிறாள். இப்போது வந்துவிட்டேனே என்கிறது யூனிகார்ன். இப்போது வந்து எனக்கு என்ன பிரயோஜனம்? பிறகு அவளாகவே தணிந்து, பரவாயில்லை, உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறாள்.

பக்கத்தில் நிற்கும் ஷ்மெண்ட்ரிக்குக்கு இது பொறுக்கவில்லை. யூனிகார்ன் என்பது மன்னிக்கிற விஷயமா, அதெல்லாம் இளம்பெண்களுக்கு உரியது, தூய்மைக்கும் தொடக்கத்துக்கும் உரியது என்று பாடம் நடத்துகிறான். மாலி அந்த வெள்ளைப் பிடரி மயிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, உனக்கு யூனிகார்ன்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறாள்.

தில்லி மயூர் விஹாரில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் இந்தப் புத்தகம் ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சுற்றியது. அண்ணன் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள் படித்து முடித்து, “அத்தை, அவள் மறுபடியும் யூனிகார்னாகவே மாறியிருக்க வேண்டாம். லீர் பாவம்” என்றாள். அண்ணி அப்போது பாதிப் புத்தகத்தில் இருந்தார். “லீர் கிடக்கட்டும். மாலி அழும் இடத்தைப் படித்தாயா?” என்று கேட்டார். “யார், அந்தச் சமையல்கார ஆன்ட்டியா? எதற்கெடுத்தாலும் கத்துகிறாரே, அவரா?” என்றது பெண். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார். இருவர் கையிலும் இருந்தது ஒரே பிரதிதான். படித்தது ஒரே நாவலா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சிறுவர்களுக்கு என்று வாங்கிக் கொடுக்கப்படும் பல மாயக் கதைகளை நாம் வளர்ந்த பிறகு பாசத்துக்காக மறுபடி எடுத்துப் பார்க்கிறோம், கொஞ்சம் சிரித்துவிட்டு மூடி வைக்கிறோம். இதில் அப்படி முடிவதில்லை. முதல் முறை நீங்கள் தாண்டிப்போன பக்கங்கள் இரண்டாம் முறை உங்களைப் பிடித்து நிறுத்துகின்றன.

(திரையில்: கடலோரக் கோட்டை. ஜன்னலில் ஒரு கிழட்டு அரசன்.)

ஹாகர்ட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கெட்டவன் என்றால் ராஜ்ஜியம் பிடிக்க வேண்டும், யாரையாவது பழிவாங்க வேண்டும். இந்த ஆளுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. எதைத் தொட்டாலும் சலித்துப்போகும் மனிதன். எதிலும் ருசியில்லை. இளம் வயதில் முதல்முறையாக யூனிகார்ன்களைப் பார்த்தபோது மட்டும் செத்தே போய்விடுவோமோ என்று தோன்றுமளவுக்குச் சந்தோஷம் வந்தது. அதனால் எல்லாவற்றையும் தனக்கே என்று பிடித்து வைத்துக்கொண்டான். கரையில் நின்று அலைகளுக்கிடையே அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கதையில் வரும் மற்ற எல்லாரையும்விட யூனிகார்னின் அழகு இவனுக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கிறது. அந்த முரண்தான் இவனை மறக்கவிடாமல் செய்கிறது. வயலும் வாய்க்காலும் இருந்த இடங்களையெல்லாம் சுவர் கட்டிப் பூட்டிய பண்ணை வீடுகளாக்கிக்கொள்ளும் இந்தத் தில்லி நகரத்தில், ஹாகர்ட்டைப் புரிந்துகொள்ள அதிகம் மெனக்கெட வேண்டாம்.

(திரையில்: ஜன்பத், தேசிய அருங்காட்சியகம். ஹரப்பா காட்சிக்கூடம்.)

தில்லி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. யூனிகார்ன் ஐரோப்பியச் சரக்கு என்று நாம் நினைக்கிறோம். ஐரோப்பாவுக்கு அதை முதலில் எழுதிக் கொடுத்தவர் க்டீசியஸ் என்ற கிரேக்க மருத்துவர். பாரசீக அரசவையில் வேலை பார்த்தவர். சுமார் கி.மு. 400-இல் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இந்தியா பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, கேட்டதை எழுதினார். இந்தியாவில் வெள்ளை உடலும் சிவந்த தலையும் நீலக் கண்ணும் ஒற்றைக் கொம்பும் கொண்ட காட்டுக் கழுதைகள் உண்டு, அந்தக் கொம்பைக் கிண்ணமாக்கி அதில் குடித்தால் விஷம் ஏறாது என்று அதில் இருக்கிறது. காண்டாமிருகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இதில் கலந்திருக்க வேண்டும். இந்த விஷமுறிவுக் கதையை நம்பி ஐரோப்பிய அரசர்கள் பல நூற்றாண்டுகள் பெரும் விலை கொடுத்துக் கொம்பு வாங்கினார்கள். வாங்கியது நார்வால் என்ற கடல்வாழ் விலங்கின் தந்தம். டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே வோர்ம் என்ற மருத்துவர் 1638-இல் அந்த உண்மையைப் போட்டு உடைத்தார்.

க்டீசியஸுக்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே சிந்துவெளி மக்கள் ஒற்றைக் கொம்பு விலங்கை முத்திரைகளில் செதுக்கிவிட்டார்கள். அவர்களுடைய முத்திரைகளில் மிக அதிகமாக வரும் உருவமே இதுதான். புலியும் யானையும் திமில் காளையும் அப்புறம்தான். ஜன்பத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் முத்திரைகளைப் பாருங்கள். மாக்கல்லில் வெட்டிச் சுட்டது, தீப்பெட்டிக்குள் போட்டுவிடலாம் போல அவ்வளவு சிறியது. அதற்குள் கழுத்து மடிப்பு, தோளில் போர்வைபோல ஒரு வளைகோடு, முன்னோக்கி வளைந்து எழும் கொம்பு, வாய்க்கு நேர்கீழே ஒரு தண்டின்மேல் நிற்கும் விசித்திரமான பாத்திரம். இரட்டைக் கொம்புக் காளையைப் பக்கவாட்டில் காட்டியதுதான் இது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒற்றைக் கொம்புள்ள சுடுமண் பொம்மைகளும் கிடைத்திருக்கின்றன, பொம்மையில் பக்கவாட்டுச் சமாதானம் செல்லாது. அந்தப் பாத்திரம் சோமச்சாறு வடிகட்டும் சடங்குக் கருவியாக இருக்கலாம் என்று வாதிட்டவர் நம் ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, சிந்துவெளி எழுத்துகளுக்கு, எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்று காட்டும் தொடரடைவை 1977-இல் தந்தவர்.

இந்த முத்திரையிலிருந்துதான் ஐரோப்பிய யூனிகார்ன் பிறந்தது என்று இணையத்தில் அடித்துச் சொல்வார்கள். அதற்குச் சான்று கிடையாது. ஆனால் கம்பனைப் படித்தவர்களுக்கு இன்னொரு பாத்திரம் நினைவுக்கு வரும்: தசரதனுக்கு வேள்வி நடத்திக் கொடுத்த கலைக்கோட்டு முனிவர். தலையில் மான் கொம்பு உள்ளவர், காட்டில் பெண்வாசனையே அறியாமல் வளர்ந்தவர். உரோமபதனின் நாட்டில் மழை பெய்ய வேண்டும் என்பதற்காகக் கணிகையர் போய் மயக்கி அழைத்து வருகிறார்கள். பௌத்த மரபில் இவருக்கு ஏகசிருங்கர், அதாவது ஒற்றைக் கொம்பர், என்றே பெயர். கொம்புள்ள ஒரு காட்டு உயிரைப் பெண் ஒருத்தி வசப்படுத்தி ஊருக்குள் கொண்டுவருவது, கன்னிப்பெண்ணின் மடியில் யூனிகார்ன் தலைவைக்கும் ஐரோப்பியக் கதையின் எலும்புக்கூடும் அதுதான். ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

பீகிள் இந்தப் பழைய சட்டகத்தை எடுத்து உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். அவர் கதையில் மடியில் தலைவைக்க வேண்டிய கன்னி, சூப் காய்ச்சிக் களைத்த நடுத்தர வயதுக்காரி. யூனிகார்னை யாரும் மயக்கி ஊருக்குள் கொண்டுவருவதில்லை. யூனிகார்னே மனித உடம்பாகிவிடுகிறது.

(திரையில்: பழைய கார்ட்டூன் படப் பாணியில் ஒரு காட்டு வழி.)

இவ்வளவு கனமாகச் சொல்லிவிட்டதால் புத்தகம் அழுமூஞ்சி என்று நினைத்துவிட வேண்டாம். ஹாகர்ட்டின் கோட்டைக் காவலர்கள் பாட்டில் மூடிகளைத் தைத்துச் செய்த கவசம் போட்டிருப்பார்கள். எந்த நூற்றாண்டு என்றே பிடிபடாது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1962-இல் பீகிள் இந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது அது நவீன உலகத்தில் நடந்தது, யூனிகார்னுக்குத் துணை இரட்டைத் தலைப் பூதம். பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பிரதி தனி நூலாகவே பின்னால் வந்திருக்கிறது. படித்தால் ஏன் நிறுத்தினார் என்பது விளங்கும். ஷ்மெண்ட்ரிக்கும் இல்லை, மாலியும் இல்லை.

1982-இல் வந்த அனிமேஷன் படத்துக்குத் திரைக்கதையும் அவரே. வரைந்தது ஜப்பானின் டாப்கிராஃப்ட் நிறுவனம். அடுத்த இரண்டு வருஷத்தில் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘நவுசிகா’ படத்தை வரைந்ததும் அதே நிறுவனம்தான். ஹாகர்ட்டுக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் கிறிஸ்டோபர் லீ. நாவலைக் கையோடு எடுத்துக்கொண்டு, எந்தெந்த இடத்தை வெட்டக்கூடாது என்று குறித்துவைத்து ஒலிப்பதிவுக்கு வந்தாராம். படம் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டுகள் எனக்கு ஒட்டவில்லை, சொல்லிவிடுகிறேன்.

இனி முடிவைப் பற்றி. யூனிகார்ன் மீண்டும் யூனிகார்னாகிறாள், மற்றவர்கள் விடுதலையாகிறார்கள். ஆனால் திரும்பிப் போகிறவள் பழையபடி முழுமையானவள் அல்ல. அவள் இனத்திலேயே வருத்தம் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே உயிர் இனி அவள்தான். அதற்காக அவள் நன்றிதான் சொல்கிறாள். லீருக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டு அனுப்பும் முடிவு கிடையாது. என் அண்ணன் மகள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு.

ஆங்கிலப் பிரதி தில்லி ஆசஃப் அலி சாலை ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் தட்டுப்பட வாய்ப்பிருக்கிறது, குவியலைக் கிளறும் பொறுமை இருந்தால். 2005-இல் பீகிள் இதன் தொடர்ச்சியாக ‘டூ ஹார்ட்ஸ்’ என்று ஒரு குறுநாவல் எழுதினார். அறிவியல் புனைகதைக்கும் மாயக் கதைக்கும் தரப்படும் ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளும் அதற்குக் கிடைத்தன. லீர் அதில் கிழட்டு அரசன், நினைவு தடுமாறுகிறவன். தன் கிராமத்துக் குழந்தைகளைத் தூக்கிப்போகும் கிரிஃபினை, கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட மிருகத்தை, கொல்ல அவன் உதவியைத் தேடி ஒரு சிறுமி வருகிறாள். நாவலை முடித்த கையோடு இதைத் திறக்காதீர்கள். நான் அப்படிச் செய்யாதது நல்லதாய்ப் போயிற்று. சில வருஷம் போகட்டும், லீரின் வயது உங்களுக்கு அருகில் வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்.