796 பெயர்கள்

நண்பர்களே, 2018 ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு. போப் பிரான்சிஸ் அயர்லாந்துக்கு வந்திருந்தார். அந்த இரண்டு நாட்களில் நடந்த இரண்டு காரியங்களிலிருந்து தொடங்குகிறேன்.

சனிக்கிழமை அவர் டப்ளினில் கப்புச்சின் சபைத் துறவியர் நடத்தும் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனார். சகோதரர் கெவின் க்ரௌலி 1969இல் தொடங்கியது. காலையிலும் மதியமும் அங்கே சாப்பாடு உண்டு. வருகிறவரிடம் நீ யார், எந்த ஊர், என்ன மதம், ஏன் இந்த நிலைமைக்கு வந்தாய் என்று எதையும் கேட்பதில்லை. உட்கார், சாப்பிடு, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபீனிக்ஸ் பூங்காவில் திருப்பலி. 1979இல் இரண்டாம் ஜான் பால் வந்தபோது அதே பூங்காவில் பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம். இந்த முறை அதில் ஒரு சிறு பங்குதான் வந்தது. அதே நாளில் நாட்டின் மேற்கே, கால்வே மாவட்டத்து டூவம் என்ற சிற்றூரில், சிலர் கூடி நின்று குழந்தைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். மொத்தம் 796 பெயர்கள்.

ஓரிடத்தில் பெயரே கேட்பதில்லை. இன்னோரிடத்தில் பெயரைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

டூவத்தில் 1925 முதல் 1961 வரை போன் செக்கூர் சபைக் கன்னியர் ஒரு தாய்-சேய் இல்லம் நடத்தினார்கள். கல்யாணமாகாமல் கருவுற்ற பெண்களை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். பிள்ளை பிறந்து சில காலத்தில் தாய் வெளியே போக வேண்டும், பிள்ளை உள்ளேயே இருக்கும். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு மற்றவர்களுக்குப் பிறகு வந்து, மற்றவர்களுக்கு முன்பே கிளம்பிப் போவார்கள். யாரோடும் கலந்துவிடக் கூடாதல்லவா! அதே பள்ளியில் படித்தவர் கேத்தரின் கோர்லெஸ். சிறுமியாக இருந்தபோது அந்த இல்லத்துப் பிள்ளை ஒன்றிடம் மிட்டாய் இல்லாத மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த உறுத்தல் ஐம்பது வருடத்துக்கு மேல் அவரை விடவில்லை.

அவர் பேராசிரியரோ பத்திரிகையாளரோ அல்ல. உள்ளூர் வரலாற்று இதழுக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தவர். அந்த இல்லத்தில் இறந்த குழந்தைகள் எத்தனை பேர் என்று பதிவு அலுவலகத்தில் கேட்டார். இருபது முப்பது இருக்கும் என்று நினைத்திருந்தார். வந்தது 796. ஒரு சான்றிதழுக்கு 4 யூரோ வீதம் தன் கைக்காசைக் கட்டி வாங்கினார். தட்டம்மை, வயிற்றுப்போக்கு, நிமோனியா என்று காரணங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு குழந்தைகள். சரி, எங்கே புதைத்தார்கள்? கல்லறைப் பதிவுகளைத் தேடினார். ஓரிருவரைத் தவிர யாரையும் காணோம். பிறகு பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தார். குழந்தைகள் கிடப்பதாக ஊரார் சொன்ன இடத்தில் வரைபடம் காட்டியது கழிவுநீர்த் தொட்டியை.

2012இல் கட்டுரை வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014இல் செய்தித்தாளில் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2017இல் அரசு நியமித்த விசாரணைக் குழு, நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் கணிசமாகக் கிடப்பதை உறுதிசெய்தது. 2021 ஜனவரியில் இறுதி அறிக்கை: விசாரித்த 18 இல்லங்களில் ஏறக்குறைய 9,000 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். போன் செக்கூர் சபையும் கேட்டது.

அந்த அறிக்கையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. குற்றத்தின் பெரும்பங்கு குழந்தைகளின் தகப்பன்மார் மீதும் பெண்களின் சொந்தக் குடும்பங்கள் மீதும் என்று எழுதினார்கள். அரசும் திருச்சபையும் அதற்குத் துணை நின்றன என்றார்கள். பிழைத்து வந்த பெண்கள் கொதித்துப்போனார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அஞ்சித்தான் அப்பா மகளைக் கொண்டுபோய் விட்டார், உண்மைதான். ஆனால் அந்த நாலு பேரின் வாயில் என்ன பேச்சு வர வேண்டும் என்று ஞாயிறுதோறும் பிரசங்க மேடையிலிருந்து யார் சொல்லிக்கொடுத்தது? வழிதவறியவர்கள் என்று சொல்லிப் பெண்களை அடைத்துக் கன்னியர் துணி வெளுக்க வைத்த இடங்கள் மகதலேனா சலவைக்கூடங்கள். அங்கே அடைபட்ட பெண்களின் பெயரையே மாற்றி வேறு பெயர் வைத்தார்கள். அதையுமா அப்பன் செய்தான்? கடைசிச் சலவைக்கூடம் மூடப்பட்டது 1996இல். இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் அப்போது பிறந்துவிட்டோம்.

ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "அப்படியானால் அங்கே மதம் செத்துவிட்டதா?" இல்லை ஐயா. 2022 கணக்கெடுப்பில் 69 சதவீதம் பேர் கத்தோலிக்கர் என்றே எழுதினார்கள். 2016இல் அது 78ஆக இருந்தது. தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஒன்பது பங்கு இன்னும் திருச்சபையின் பொறுப்பில்தான். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கே முதலிடம் என்ற விதி 2018 வரை கத்தோலிக்கப் பள்ளிகளில் இருந்தது.

ஆகவே "மதம் கெட்டது" என்றோ, "மதம் நல்லது, மனிதர்கள்தான் கெட்டவர்கள்" என்றோ சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை. அருட்சகோதரி ஸ்டானிஸ்லாஸ் கென்னடியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடற்றவர்களுக்காக 1985இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுதான் இன்றைய ஃபோகஸ் அயர்லாந்து. 2001இல் குடியேறிகளின் உரிமைக்காக இன்னொன்றைத் தொடங்கினார். அவர் இருந்தது அயர்லாந்தின் அறச் சகோதரிகள் சபையில். அதே சபைதான் டப்ளினிலும் கார்க்கிலும் சலவைக்கூடங்கள் நடத்தியது. ஒரே உடுப்பு, ஒரே ஜெபப் புத்தகம். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டால், சாவி யார் கையில் இருந்தது என்று பார்ப்பேன். சலவைக்கூடத்தில் பூட்டு வெளியிலிருந்து. சாப்பாட்டுக்கூடத்தில் வந்தவர் எழுந்து போகலாம், நாளைக்கு வராமலும் இருக்கலாம்.

பூட்டுகள் போய்விட்டன, வரிசைகள் போகவில்லை. அரசு தரும் தற்காலிக இடங்களில் தங்கியிருக்கும் வீடற்றவர்களின் எண்ணிக்கை 2025 தொடக்கத்தில் 15,000ஐத் தாண்டியது. அதில் ஆயிரக்கணக்கில் குழந்தைகள். அப்புறம், இந்தக் கணக்கை மாதாமாதம் அரசே வெளியிடுகிறது. டூவத்துக் கணக்கை ஒரு பெண் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

கோர்லெஸை 2018இல் போப்புக்கான அரசு வரவேற்புக்கு அழைத்தார்கள். அவர் போகவில்லை, டூவத்தில் பெயர் வாசித்த இடத்துக்குப் போனார்.

2025 ஜூலையில் அந்த நிலத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். சுற்றிலும் வீடுகள், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடும் திடல், நடுவில் வேலியடைத்த ஒரு துண்டு நிலம். உறவினர்களிடம் மரபணு மாதிரி வாங்குகிறார்கள். அவர்களில் பலர் தள்ளாத வயதினர். அண்ணன் ஒருவன் இருந்தான், தங்கை ஒருத்தி இருந்தாள் என்று ஐம்பது அறுபது வயதில்தான் அறிந்தவர்கள். பெயர்கள் இருக்கின்றன, எலும்புகளும் இருக்கின்றன. எது யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.