கைப்பேசி எந்த இடத்தில் சட்டைப்பைக்குள் போகிறது?

[காட்சி: திருவல்லிக்கேணி மேன்சன் அறை, இரவு]

வேலை தேடிச் சென்னைக்கு வந்த ஓர் இளைஞர், மூன்று கட்டில்கள் நெருக்கிப் போடப்பட்ட இந்த அறைக்குத் திரும்பியதும், இயர்போனை மாட்டிக்கொண்டு நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்க்கிறார். மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று வீட்டார் கடிந்துகொள்வது இயல்பு. ஆனால் அந்த அறையில் அவருக்கென்று இருக்கும் ஒரே தனியிடம் அந்தத் திரைதான் என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

[காட்சி: தெருமுனைப் பூங்கா, மாலை]

அப்படியானால் பூங்காவுக்குப் போகச் சொன்னால் போதுமா? 701 இளையோரின் கைப்பேசிப் பயன்பாட்டை இரண்டு ஆண்டுகள் பதிவுசெய்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, நாம் எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. பசுமையான இடங்களில் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் குறைந்தன. ஆயினும் நகரப் பூங்காக்களில் திரை பார்க்கும் நேரம் கூடவே செய்தது. காடு போன்ற இயற்கைப் பகுதிகளில்தான், அதுவும் சென்ற முதல் மூன்று மணி நேரத்தில், அது குறைந்தது.

நம் கவனத்தை ஒரு வேலையில் இழுத்துப் பிடித்து வைக்கும் ஆற்றல் களைத்துப்போகும் என்றும், அசையும் இலை, பறவையின் குரல், அலை ஆகியவை நம் முயற்சியின்றியே கவனத்தை ஈர்ப்பதால் அது மீள்கிறது என்றும் உளவியலாளர்கள் கேப்லன் தம்பதியர் விளக்கினர். ஹார்ன் சத்தம் கேட்கும் பூங்கா பெஞ்சில் அந்த ஈர்ப்பு நிகழ்வதற்குள் கை சட்டைப்பையைத் தேடிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

[காட்சி: மெரினா மணற்பரப்பு]

நகரின் நடுவே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் காட்டுக்குள் நினைத்தபோது நடந்துவிட முடியாது, மான்களுக்கு அதுவே நல்லது. ஆனால் நாம் பார்த்த மேன்சனிலிருந்து மெரினா நடந்து செல்லும் தூரம்தான். சுண்டல் கடைகளின் வெளிச்சத்தில் நின்றுவிடாமல், அகன்ற மணலைக் கடந்து நீர் காலைத் தொடும் இடம் வரை சென்றால், உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் அஞ்சியாவது கைப்பேசி உள்ளே போய்விடும்.

கடலுக்குப் போக இயலாத இரவுகளும் உண்டு. விடுதி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: மொட்டை மாடிக் கதவின் பூட்டை இரவு பத்து மணி வரையாவது திறந்து வையுங்கள், அங்கே நான்கு நாற்காலிகளையும் போடுங்கள்.