குளத்துக்குக் குளம்

நேயர்களுக்கு வணக்கம். மழை ஓய்ந்து, நெல்லைச் சீமைக் குளங்களில் தண்ணீர் கிடக்கிற காலம் இது. ஒரு நாளை ஒதுக்கினால் பறவை பார்க்க மூன்று நாலு குளங்களைச் சுற்றிவிடலாம். ஒரே குளத்தில் நின்று பார்த்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பதைத் தண்ணீரின் ஆழமும் தீர்மானிக்கிறது.

பவளக்கால் உள்ளானுக்குக் கால் நனைகிற தண்ணீர் போதும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அடியில் மேய்வது. அதற்குக் கழுத்து எட்டும் ஆழம் வேண்டும். நீர்க்காகமோ முங்கி மீன் பிடிக்கிறது. ஆகவே குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் விவசாயிக்குக் கொண்டாட்டம், உள்ளானுக்குக் கால் வைக்க இடமிருக்காது. அது வற்றுகிற குளத்தைத் தேடிப் போய்விடும். நாமும் பின்னாலேயே போகவேண்டியதுதான்.

விடிந்ததும் திருநெல்வேலி டவுன் நயினார்குளம். பக்கத்திலேயே காய்கறி மார்க்கெட், லாரிச் சத்தம். இருந்தாலும் பறவைகள் வரும். எந்தக் குளமானாலும் காலையில் கிழக்குப் பக்கம் நில்லுங்கள். வெயில் முதுகில் விழும், நிறம் தெளிவாகத் தெரியும்.

அப்புறம் மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம். அவசரமில்லாமல் நேரம் கொடுக்கவேண்டிய இடம். 1994-இல் சரணாலயமானது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டும். எச்ச வாடைக்கு நம் மூக்குதான் பழகிக்கொள்ளவேண்டும்!

மஞ்சள் மூக்கு நாரையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடக்கும். மீன் அலகில் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். கண் பார்த்துப் பிடிப்பதில்லை, எல்லாம் தொடுஉணர்வுதான். இமயமலை தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துக்குப் பின்தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். காற்று மெலிந்த உயரத்திலும் பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொள்ளும் ரத்தம் அதற்கு.

பொழுதிருந்தால் விஜயநாராயணம் பெரிய குளத்தையும் எட்டிப் பார்க்கலாம்.

2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, தன்னார்வலர்களும் சேரலாம். கூட்டத்தை எண்ணுவது எப்படி என்று மலைக்கவேண்டாம். முதலில் பத்து வாத்துகளை எண்ணி, அவை அடைத்திருக்கும் இடத்தை மனதில் வையுங்கள். அதே அளவில் கூட்டத்தைப் பத்துப் பத்தாக அளந்துகொண்டே போகலாம். நடுவில் பருந்து வந்து கலைத்துவிட்டால், சரி, மறுபடி முதலிலிருந்து. நன்றி, வணக்கம்.