பிபி பார்க்கும்போது வரும் படபடப்பு

எல்லோருக்கும் வணக்கம்.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலருக்கு அந்த நோயைவிட பிபி பார்க்கும் கருவியிடம்தான் பயம் அதிகம். கையில் சுற்றிய பட்டை இறுகத் தொடங்கியதுமே நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும். "எவ்வளவு காட்டப் போகிறதோ" என்று மனம் முன்னாலேயே ஓடிவிடும். அந்த நேரத்தில் வருகிற எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டலாமா? அது வெறும் பயம்தான் என்று மாத்திரையையே விட்டுவிடலாமா? இரண்டுமே கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பதற்றத்தில் அழுத்தம் ஏறுவது கற்பனை இல்லை. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. 1983-இல் இத்தாலியில் ஜூசெப்பே மான்சியாவும் அவருடைய குழுவினரும் இதை அளந்தே காட்டினார்கள். நோயாளிகளின் தமனிக்குள் மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மருத்துவர் வந்து பட்டையைச் சுற்றி பிபி பார்ப்பார். அவர் வந்த சில நிமிடங்களுக்குள் மேல் எண் சராசரியாக 27 ஏறியது, கீழ் எண் 15 ஏறியது. ஒரு மாத்திரை வழக்கமாகக் குறைக்கிற அளவைவிட இது அதிகம்! மருத்துவர் பக்கத்தில் வந்தார், அதற்கே இவ்வளவு.

அதனால்தான் மருத்துவமனையில் பார்த்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், வீட்டு அளவுகளையும் கொண்டுவாருங்கள் என்கிறோம். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டுச் சராசரிக்கு 135/85 என்று வைத்திருக்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால், 24 மணி நேரமும் தானாகவே அளக்கிற கருவியைக் கட்டி அனுப்பலாம். தூங்கும்போது எப்படி இருக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

வீட்டில் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. காபி, டீ, சிகரெட் எதுவும் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். பேசாதீர்கள்; பேச்சே அழுத்தத்தை ஏற்றிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையிலும் மாலையிலும், ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி எடுப்போம். சும்மா உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது ராத்திரியில் பிபி பார்ப்பதுதான். ஒருவர் தூக்கம் வராமல் எழுந்து பிபி பார்க்கிறார், மேல் எண் 158. பயந்துபோய் உடனே இன்னொரு முறை, 167. அடுத்த கைக்கு மாற்றி, 174. அழுத்தத்தை ஏற்றுவது அந்தக் கருவியைப் பற்றிய பயமேதான். இந்த இடத்தில் கையில் கிடைத்த மாத்திரையைக் கூடுதலாக விழுங்காதீர்கள். நிஃபெடிபின் மருந்தை நாக்குக்கு அடியில் விட்டு அவசரமாக இறக்குகிற வழக்கம் முன்பு இருந்தது. அழுத்தம் திடீரென்று சரிந்து, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்துபோய் ஆபத்தானதால் அது வேண்டாம் என்றாகிவிட்டது. கருவியை மூடி வையுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். அரை மணி கழித்து ஒரே ஒரு முறை பாருங்கள், போதும். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பது, பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் எண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சரி, எதிர்ப்பக்கம் விழுகிறவர்களையும் சொல்ல வேண்டும். "எனக்கு டென்ஷனில்தான் ஏறுகிறது" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள். பதற்றமும் உண்மையான உயர் அழுத்தமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும். மருத்துவமனையில் மட்டும் ஏறுகிறவர்களிலும் சிலருக்குப் பின்னாளில் நிலையான அழுத்தம் வந்துவிடுகிறது. அதனால் மாத்திரை தேவைப்படாதவர்கள்கூட வருடா வருடம் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்புறம், பதற்றத்துக்கென்று தனியாக வைத்தியம் இருக்கிறது. பிபி மாத்திரையைக் கூட்டிப் பதற்றத்தை அடக்க முடியாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் உளவியல் சிகிச்சை பலருக்கு நன்றாகவே உதவுகிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, வழக்கமாகச் சாப்பிட்டு வருகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மனநல மருந்துகளில் வென்லாஃபாக்சின் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவை மாற்றலாம், வேறு மருந்துக்கும் மாறலாம், அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். பிபிக்கு ஒருவர், மனநலத்துக்கு ஒருவர் என்று இரண்டு மருத்துவர்களைப் பார்த்தால், ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.