ஒரு நாக்பூர் டிரிப்பில் டிரைவர் கையில் நிற்பது எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கமிருந்து வடக்கே நேஷனல் பர்மிட் லாரி ஓட்டும் ஒருவருக்கு மாதம் உண்மையில் என்ன மிஞ்சும்? ஒரே ஒரு டிரிப்பை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். வாடகையும் டீசல் விலையும் அடிக்கடி மாறுவதால், நான் சொல்லும் ரேட்டுகளைக் கணக்குக்காக வைத்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உங்கள் ரேட்டைப் போட்டால் உங்கள் விடை வந்துவிடும்.

வண்டி 12 சக்கரம். வண்டியும் லோடும் சேர்ந்து 35 டன், அதில் சரக்கு 24 டன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர், சுமார் 1,300 கிலோமீட்டர். திரும்பும்போது நம் கோழிப்பண்ணைகளுக்குச் சோயா புண்ணாக்கு. போக டன்னுக்கு 3,000, வர 2,700 என்றால் இரண்டு பக்க வாடகை 1,36,800 ரூபாய். டீசலும் டோலும் ஓனர் பொறுப்பு, சாப்பாடு டிரைவர் பொறுப்பு, வாடகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு டிரைவருக்கு என்று பேச்சு. டிரிப்புக்குச் சுமார் 16,400 ரூபாய் வருகிறது.

இதைக் கேட்டவுடன் மாதம் மூன்று டிரிப், ஏறக்குறைய 50,000 என்று மனக்கணக்கு ஓடும். நாளை எண்ணிப் பாருங்கள். டோல்கேட், ஊர், மேடு எல்லாம் சேர்த்து லோடு வண்டி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் போகும். அப்படியானால் ஒரு பக்கம் 32 மணி நேர ஓட்டம். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் போக நான்கு நாள், வர நான்கு நாள். இரண்டு முனையிலும் ஏற்ற, இறக்க மூன்று நாள், ரிட்டன் லோடுக்காக ஒரு நாள். ஆக 12 நாள். மாதம் இரண்டு டிரிப், 32,800 ரூபாய். ரோட்டில் சாப்பாடு, டீ, குளியல் என்று நாளுக்கு 350 வைத்தால் 24 நாளுக்கு 8,400 போகும். மிச்சம் 24,400 ரூபாய், வீட்டில் ஆறு நாள்.

நாக்பூரில் லோடு கிடைக்காமல் மூன்று நாள் கூடப் படுத்துவிட்டால் டிரிப் 15 நாளாகிவிடும். வருமானம் அதேதான், ஆனால் சாப்பாட்டுச் செலவு ஏறி மிச்சம் 22,300 ஆகும், வீட்டுக்கு ஒரு நாளும் இல்லை. வண்டி நின்ற நாள்தான் டிரைவரின் மாதத்தைத் தின்கிறது. அதனால் குடோன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த தேதியையும் நேரத்தையும் சரக்கோடு வரும் லாரி ரசீதான எல்.ஆர். தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாமல் ஹால்டிங் காசு, அதாவது வண்டி காத்து நின்ற நாளுக்கான காசு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். வந்த ஹால்டிங்கில் டிரைவருக்கு எவ்வளவு என்பதை வேலைக்குச் சேரும்போதே பேசிவிட வேண்டும்.

இரண்டு டிரைவர் போனால் ஒன்பது நாளில் திரும்பி மாதம் மூன்று டிரிப் அடிக்கலாம். ஆனால் 49,200 ரூபாயை இரண்டாகப் பங்கிட்டுச் சாப்பாடு போனால் ஆளுக்கு 15,000 சொச்சம்தான். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியும் 2018-இல் போய்விட்டது. இப்போது தனி ஆளிடம் "ரெண்டு நாளில் நாக்பூர்" என்கிறார்கள். அதாவது நாளுக்கு 16 மணி நேரம் ஸ்டீரிங் பிடிக்கச் சொல்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நெடுந்தூர வண்டிக்கே நாளுக்கு 10 மணி நேரம்தான் உச்சம் என்று வைத்தது. மாதம் 50,000 என்று யாராவது சொன்னால், அது எத்தனை இரவுத் தூக்கத்தின் விலை என்று கேளுங்கள்.

அடுத்தது டீசல். லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர் வர வேண்டும், டீசல் மிச்சமானால் டிரைவருக்கு, கூடப் போனால் டிரைவரிடம் பிடித்தம் என்று ஓனர் கட்டியிருந்தால் 2,600 கிலோமீட்டருக்கு 684 லிட்டர். நீங்கள் 4 எடுத்தால் 34 லிட்டர் மிச்சம், லிட்டர் 92 ரூபாய் என்றால் 3,100 ரூபாய்க்கு மேல். 3.6 வந்தால் 38 லிட்டர், 3,500 ரூபாய் பிடித்தம். டயரில் காற்று குறைவு, காற்றில் படபடக்கும் தார்ப்பாய், கிளட்ச் மேலேயே வைத்த கால், வரிசையில் நிற்கும்போது அணைக்காத இன்ஜின், இவைதான் வழக்கமாக மைலேஜைக் குடிப்பவை.

பலர் ஏமாறும் இடம் எடை மேடை. காலி வண்டியை எடை போட்டு, லோடு ஏற்றி, வழியில் பங்கில் 200 லிட்டர் டீசலும் போட்டுக்கொண்டு திரும்ப எடைக்கு வருகிறார்கள். டீசல் லிட்டருக்குச் சுமார் 830 கிராம். அந்த 166 கிலோவும் சரக்கு எடையாகச் சீட்டில் ஏறிவிடும். நாக்பூரில் இறக்கும்போது 166 கிலோ குறைகிறது என்பார்கள். கிலோ 50 ரூபாய் சரக்கென்றால் 8,300 ரூபாய். ஒரு கிலோகூடக் காணாமல் போகாமலேயே டிரிப் காசில் பாதி போய்விடும். இரண்டு எடைக்கும் நடுவில் டீசல் போடவே கூடாது, இரண்டு சீட்டையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. ஒருமுறை டிரைவர் தலையில் விழுந்தால் டிரிப் வருமானம் மொத்தமும் போய் அதற்கு மேலும் கடன். கூட ஏற்றச் சொன்னவர்தான் கட்டுவார் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சரக்கோடு இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. 1,300 கிலோமீட்டருக்கு ஏழு நாள். வண்டி பிரேக்டவுன் ஆனால் கெடு முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம், உடனே ஆபீஸுக்குப் போன் போட்டுவிடுங்கள்.

சாவி வாங்கும் முன் ஓனரிடம் கேட்க வேண்டியவை: சதவீதம் மொத்த வாடகைக்கா, புரோக்கர் கமிஷன் போகவா? கட்டிய மைலேஜ் எவ்வளவு, காலி ஓட்டத்துக்கும் அதே மைலேஜா? பஞ்சர், தார்ப்பாய்க் கூலி யார் தலையில்? பி.எஃப். உண்டா? பதிலை ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு, ஒவ்வொரு டிரிப் கணக்கு முடிக்கும்போதும் அதே நோட்டை மேஜை மேல் வைத்துப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.